டெட் ஸ்டாக், பார்த்துக்கோ

எங்கள் வீட்டில் பெண்ணுக்கு ஹால், செருப்புக்கு பெட்ரூம். இதை நான் சொல்லவில்லை, என் நாத்தனார் சொன்னாள். தன் ஜோக்குக்குத் தானே முதலில் சிரித்துவிடுவது அவள் வழக்கம். அது செருப்பு இல்லை, ஷூ, அதிலும் சும்மா ஷூ இல்லை, லிமிடெட் எடிஷன் என்று எத்தனை தடவை திருத்தியிருப்பேன்!

"கால்ல போட்டா ஷூ, சரி. போடாம பெட்டிக்குள்ளயே வச்சிருந்தா அதுக்கு என்ன பேரு அண்ணி?" என்பாள்.

அதற்கும் ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயர்தான் எங்கள் வீட்டைப் புரட்டிப் போட்டது.

என் தொழிலில் மந்திரமும் இல்லை, திருட்டும் இல்லை. கம்பெனிக்காரன் ஒரு மாடலில் சில நூறு ஜோடிதான் தைப்பான். இன்ன தேதியில் இன்ன கடையில் கிடைக்கும் என்று அறிவிப்பான். விடியும் முன் போய் வரிசையில் நின்று, டோக்கன் வாங்கி, பெட்டியில் போட்ட விலைக்குக் கிடைக்கிற ஜோடிகளை எடுத்துக்கொண்டு வருவேன். காலில் மாட்டாமல், கயிறு கோக்காமல், வெயில் படாமல் வைத்திருப்பேன். கிடைக்காதவன் ஏங்கி ஏங்கி விலையை ஏற்றிக்கொண்டே வருவான், போதும் என்று தோன்றும்போது கொடுத்துவிடுவேன். முன்பு செல்போன் கடையில் உறை விற்றுக்கொண்டிருந்தவள் நான். ஒரு நாள் தற்செயலாக வாங்கிய ஜோடி, பஸ் ஸ்டாப்பிலேயே இரண்டு மடங்குக்குப் போனது. மறுநாளே கடைக்காரருக்கு வணக்கம் சொல்லிவிட்டேன்.

நாத்தனார் மூன்று மாடி பல்பொருள் கடை ஒன்றில் ஸ்டாக் மேனேஜர். வீட்டிலும் அவளுக்கு 'மேனேஜர்' என்றே பெயர். புருஷன் கப்பல் வேலையில் இருப்பதால் வாரத்தில் பாதி நாள் எங்கள் சாப்பாட்டு மேஜையில்தான் இருப்பாள். சாப்பாட்டோடு எனக்கு நியாயமும் பரிமாறுவாள்.

"நீங்க வாங்கலேன்னா, ஆசைப்பட்டுப் போட நினைக்கிற யாரோ ஒரு பையனுக்கு அது பெட்டி விலைக்கே கிடைச்சிருக்கும் இல்ல?"

"அந்தப் பையன் வந்து வரிசையில நிக்கட்டுமே. நான் நின்னேன், அவன் தூங்கினான்."

"நின்னதுக்குக் கூலி மூணு மடங்கு, நாலு மடங்கா?"

"நானா விலை வைக்கிறேன்? ஒரு பொருளுக்கு என்ன விலைன்னு வாங்கறவன்தான் சொல்றான். நான் தலையாட்டறேன், அவ்வளவுதான்."

"எங்க கடையில பால் பாக்கெட்ட இப்படி வித்தா உள்ள தூக்கிப் போட்டுருவாங்க."

"பால் இல்லாம இருக்க முடியாது. இது இல்லாம இருக்கலாம். உங்க அண்ணனைப் பாரு, ரப்பர் செருப்புலயே காலம் தள்ளலையா?"

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். மேலே போகிறவரும் வேண்டும், கீழே வருகிறவரும் வேண்டும் அவருக்கு. "ரெண்டு பேரு சொல்றதும் சரிதான்" என்று சொல்லிவிட்டுத் தட்டோடு எழுந்துவிடுவார். மத்தளத்துக்குக்கூட இரண்டு பக்கமும் அடி வாங்கத் தெம்பு வேண்டும். இவருக்கு அது கிடையாது.

மேனேஜருக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. என் வியாபாரம் படுத்துவிட்டது, அண்ணி வெளியே சொல்லாமல் மென்று முழுங்குகிறாள் என்று நினைத்தாள். அவள் கடைக் கணக்கில் ஒரு பெட்டி மாதக்கணக்கில் அசையாமல் கிடந்தால் அந்தச் சரக்கு போண்டி. என் கணக்கில் அது முட்டை மேல் உட்கார்ந்திருக்கும் கோழி. இதை விளக்கப்போனால் மறுபடி பால் பாக்கெட்டில் வந்து நிற்பாள் என்று நான் வாயைத் திறப்பதில்லை.

எல்லாவற்றுக்கும் நடுவில் என் மகள். பன்னிரண்டு வயது. ஹால் சோபாவில் படுத்து, சாப்பாட்டு மேஜையில் படித்து, உடை மாற்ற பாத்ரூமுக்குப் போகிறவள். அவளுக்கென்று இருந்த அறையில்தான் தரையிலிருந்து ஜன்னல் வரை பெட்டிகள் நின்றன. "ரூம்கூட வேணாம்மா. எனக்குன்னு ஒரு கதவு இருந்தா போதும்" என்று ஒரு நாள் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னதால் சுருக்கென்று இருந்தது.

அதற்கும் வழி பிறந்திருந்தது. வழியின் பெயர் பப்பாளி. கம்பெனிக்காரன் அதற்கு வாயில் நுழையாத பெயர் வைத்திருந்தான். ஆரஞ்சு நிறமும் அடியில் கறுப்புப் புள்ளிகளுமாக இருந்ததால் நானும் மகளும் பப்பாளி என்போம். எட்டாம் நம்பர். ஒரு பல் டாக்டர், கண்ணாடி அலமாரியில் ஷூ அடுக்கும் பைத்தியம், நாலு மடங்கு விலை பேசி முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அந்தப் பணத்தைக் கடைத்தெருவில் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்னக் கடைக்கு முன்பணமாகக் கொடுப்பது, பெட்டிகளை அங்கே கொண்டுபோவது, மகளுக்கு அறையைத் திருப்பிக் கொடுப்பது. இதுதான் திட்டம். மகளிடம் சொன்னேன். "ம்" என்றாள். மேனேஜரிடம் சொல்லவில்லை. நாலு மடங்கு என்று கேட்டால் அன்றைக்கு முழுவதும் பிரசங்கம்தான்.

அந்த வாரமே பக்கத்து ஊரில் ஒரு புது மாடல் வந்தது. வீட்டுக்காரருக்கு ஏதோ ஆஸ்பத்திரி லிஃப்டில் அவசர வேலை. மகளுக்குத் துணையாக மேனேஜர் லீவு போட்டுவிட்டு வந்தாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டே அந்த அறையைக் காட்டி, "உள்ள இருக்கறது பூரா டெட் ஸ்டாக். கொஞ்சம் பார்த்துக்கோ" என்றேன்.

எங்கள் தொழிலில் டெட் ஸ்டாக் என்றால் கால் படாத புத்தம் புதிய சரக்கு. பெட்டி, உள்ளிருக்கும் காகிதம், பில் எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். அதற்குத்தான் உச்ச விலை. அவள் தொழிலில் டெட் ஸ்டாக் என்றால் செத்த சரக்கு. விற்காது, இடத்தை அடைக்கும், மேலதிகாரி வந்தால் மானத்தை வாங்கும். அதைப் பார்த்துக்கொள்வது என்றால் எப்பாடு பட்டாவது தள்ளிவிடுவது என்று அர்த்தம்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க கவலப்படாம போயிட்டு வாங்க அண்ணி. நான் இருக்கேன்" என்றாள். கண்ணில் லேசாக ஈரம்கூட இருந்தது. ஊருக்குப் போகிற அண்ணிமேல் இவ்வளவு பாசமா என்று எனக்கே கூச்சமாகிவிட்டது.

இடையில் போன் செய்தபோது, "எல்லாம் பாத்துக்கிட்டேன், வந்து பாருங்க" என்றாள் உற்சாகமாக.

சனிக்கிழமை மதியம் இரண்டு புதுப் பெட்டிகளோடு வந்து அறைக் கதவைத் திறந்தேன். தரை தெரிந்தது. இத்தனை வருடமாக அந்த அறைக்கு என்ன நிறத் தரை என்பதையே மறந்திருந்தேன். பெருக்கி, துடைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டிருந்தாள். காற்று சொந்த வீடு மாதிரி உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தது. ஒரு பெட்டி இல்லை.

"எப்படி?" என்றாள் மேனேஜர், இடுப்பில் கைவைத்து. "எங்க ஸ்டாஃப் க்ரூப்ல போட்டேன். கீழ பார்க்கிங்ல மேஜை போட்டு, வரிசை வச்சு, டோக்கன் குடுத்து, நம்பர் வாரியா முடிச்சிட்டேன். பெட்டிக்குள்ள பில் இருந்துச்சு. அதுக்கு மேல பத்து பர்சன்ட் வச்சேன். டெட் ஸ்டாக்குல பத்து பர்சன்ட் லாபம்! எங்க கடையில இதுவரைக்கும் ஒருத்தரும் பண்ணினதில்ல அண்ணி!"

நான் போட்ட கூச்சலில் பாத்ரூமிலிருந்து வீட்டுக்காரர் சோப்பு முகத்தோடு ஓடி வந்தார். "என்ன, ஷார்ட் சர்க்யூட்டா?"

"உங்க தங்கச்சி!" என்றேன்.

ஆரம்பித்த பிறகு நிற்கவில்லை. யானை விலைக்குப் போக வேண்டியதை அடிமாட்டு விலைக்குக் கொடுத்தாயே, கேட்டிருக்கக் கூடாதா, உனக்குப் படித்தவள் என்று பெயரா என்று என்னென்னவோ சொன்னேன். அவள் முகம் மெல்ல மெல்லச் சுருங்கியது. "நீங்கதானே அண்ணி டெட் ஸ்டாக்னு சொன்னீங்க? நான் உங்களுக்கு ஒத்தாசையா..." என்று ஆரம்பித்து அழுதுவிட்டாள். அழுகிறவளை எப்படித் திட்டுவது? அது இன்னும் கோபமாக இருந்தது. வீட்டுக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்துவிட்டு, "இதுல தப்பு உங்க ரெண்டு பேரு மேலயும் இல்ல. இங்கிலீஷ்காரன் மேல" என்றார்.

மகள் ஹாலில் சோபாவில் உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"பப்பாளி?" என்று கேட்டேன். "ஆரஞ்சு கலர். எட்டாம் நம்பர்."

"ஐயோ, அதுவா? அந்தக் கலர யாரு அண்ணி போடுவா? ஒருத்தரும் சீண்டல. கடைசியில மூணாம் கவுண்டர் அக்காவுக்குத் தள்ளுபடி போட்டுத்தான் தள்ளிவிட்டேன்."

எல்லாவற்றையும் லாபத்துக்கு விற்றவள், பப்பாளியை மட்டும் நஷ்டத்துக்கு விற்றிருக்கிறாள். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். தரை குளிர்ச்சியாக, சுத்தமாக இருந்தது. அந்த நேரத்திலும் அதைக் கவனித்த என் புத்தியை என்ன சொல்ல!

நாளை டாக்டர் வருவார். சரக்கு இல்லையென்றால் பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் எங்கள் தொழிலில் விற்ற ஜோடியை இல்லை என்றவளுக்கு அடுத்த நாள் போன் வராது. பேச்சுத்தான் முதல், ஷூ அப்புறம்தான். மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

கீழே இறங்கியதும் கட்டட வாட்ச்மேன் எழுந்து சலாம் வைத்தார். அவர் காலில் என் வெள்ளி நிற ஜோடி. ஒன்றரை வருடம் அடைகாத்தது, ஈரத்துணிகூடப் பட விடாதது. அதைப் போட்டுக்கொண்டு மனிதர் தண்ணீர்க் குழாயடியில் சேற்றில் நின்றுகொண்டிருந்தார். "மெத்து மெத்துன்னு இருக்கும்மா, ராத்திரி ரவுண்டு போறதே தெரியல" என்றார். அந்தச் சேற்றை நான் ரூபாயில் கணக்குப் போட்டேன். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் விற்றதில் என் ஷூ ஒன்றாவது நடந்து நான் பார்த்ததில்லை. அவர் கேட்டைத் திறக்கப் போகும்போது அந்த வெள்ளிப் பட்டை வெயிலில் மின்னியது. அழகாகத்தான் இருந்தது, பாழாய்ப் போனது.

மேனேஜரின் கடைக்குப் போனோம். மூன்றாம் கவுண்டர் அக்காவுக்கு என் வயதுக்கு நாலைந்து கூட இருக்கும். பில் போட்டுக்கொண்டிருந்தவரை மேனேஜர் ஓரமாகக் கூப்பிட்டாள். நான் குனிந்து அவர் காலைப் பார்த்தேன். பழைய கறுப்புச் செருப்பு. உயிர் வந்தது.

"அக்கா, அந்த ஆரஞ்சு ஷூ..." என்று நானே ஆரம்பித்தேன்.

"இன்னும் போடல மேடம். பெட்டியோட அப்படியே லாக்கர்ல இருக்கு."

"நல்ல வேளை! தவறுதலா வந்துருச்சுக்கா. நீங்க குடுத்த காசுக்கு மேல கொஞ்சம் போட்டுத் தர்றேன், திருப்பிக் குடுத்துருங்க."

அக்கா சிரித்தார். நல்ல சிரிப்புத்தான், ஆனால் விலை பேசும்போது நான் சிரிக்கிற அதே சிரிப்பு. "என் தம்பி நேத்து போன்ல பாத்தான் மேடம். இப்ப அஞ்சு மடங்கு போகுதாமே?"

"அஞ்சு மடங்கா! என்னக்கா இது, நியாயமா? நேத்து தள்ளுபடியில வாங்கினத இன்னிக்கு அஞ்சு மடங்குக்குக் கேட்டா?"

"நானா விலை வைக்கிறேன் மேடம்? வாங்கறவங்கதான் வைக்கிறாங்க."

"ஆனா உங்களுக்கு அது சும்மா கெடச்ச மாதிரிதானே?"

"சும்மாவா? மேனேஜர் மேடம் டோக்கன் குடுத்தாங்க. நாள் முழுக்க இங்க நின்னு வேல பாத்துட்டு, அங்க வந்து வரிசையில வேற நின்னேன்."

எனக்குப் பின்னால் மேனேஜர் இருமினாள். திரும்பிப் பார்த்தால் அது இருமல் இல்லை. அழுது வீங்கிய முகத்தை வைத்துக்கொண்டு வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். முறைத்தேன். முறைக்க முறைக்க எனக்கும் வந்துவிட்டது. நான் சொன்ன வார்த்தை ஒவ்வொன்றும் பில் போட்டு என்னிடமே திரும்பி வந்தால் வேறென்ன செய்வது?

பேரம் பேசினோம். ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்கு ஈடு கொடுத்துப் பேசக்கூடிய ஆள். டாக்டர் தந்த தொகைக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றார். "அலைஞ்சிருக்கீங்க, உங்களுக்கும் டீச்செலவுக்காவது நிக்கணும் இல்ல?" என்று அவராகவே குறைத்தார். அது இரக்கமா, கிண்டலா என்று இன்றுவரை தெரியவில்லை. பெட்டியை வாங்கித் திறந்து பார்த்தேன். காகிதம்கூடக் கசங்கவில்லை.

"ஒரு தடவகூடக் கால விட்டுப் பாக்கலியா?" என்று கேட்டேன்.

"ஆசைதான். எட்டுதான் என் நம்பரும்" என்றார் அக்கா. "ஆனா வெலை தெரிஞ்சதுக்கு அப்புறம் கால் போக மாட்டேங்குது மேடம்."

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வந்தார். பெட்டியைத் திறந்து, மூக்கருகே கொண்டுபோய்ப் புதுப் பசை வாசனையை முகர்ந்து, கண்ணை மூடித் திறந்து, மூடியைப் போட்டார். வாசலில் அவர் கழற்றி வைத்திருந்த ஷூ பத்தாம் நம்பர். செருப்புக்காகக் காலை வெட்டிக்கொள்வார்களா என்பார்கள். இவருக்கு அந்தச் சிக்கலும் இல்லை. சந்தோஷமாக வந்தார், சந்தோஷமாகப் போனார். என் கணக்கில் டீச்செலவு நின்றது.

மாடிப்படிக் கடையின் சொந்தக்காரருக்குப் போன் செய்து, இந்த மாதம் வேண்டாம் என்றேன். சரக்கே இல்லாதவளுக்கு ஷட்டர் எதற்கு? மேனேஜர் தந்த உறையில் போட்ட முதலும் பத்து சதவீதமும் பத்திரமாக இருந்தன. அவள் கடைக்குப் போகும் முன், "அண்ணி, நீங்க தப்பா நெனச்சுக்கலேன்னா, இனிமே எந்த வார்த்தையா இருந்தாலும் தமிழ்லயே சொல்லிருங்க" என்றாள். சரி என்றேன். மனதில் ஒட்டிக்கொண்டிருந்த மிச்சக் கோபமும் அதோடு போனது.

சாயங்காலம் அந்த அறையில் மகளின் கட்டில் ஏறியது. வீட்டுக்காரர் கதவுக்கு உட்புறம் தாழ்ப்பாள் அடித்துக்கொண்டிருந்தார். மகள் பக்கத்தில் நின்று ஆணி எடுத்துக் கொடுத்தாள். அவ்வளவு பெரிய சிரிப்பை அவள் முகத்தில் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. எனக்கும் மனம் நிறைந்துதான் இருந்தது. அப்போதுதான் அது உறைத்தது. டெட் ஸ்டாக் என்றால் என்னவென்று மேனேஜருக்குத் தெரியாது. பெட்டிகளுக்கு நடுவில் வளர்ந்த இவளுக்குமா தெரியாது?

"அத்த எல்லாத்தையும் விக்கும்போது நீ எங்க இருந்தே?"

"டோக்கன் எழுதிக் குடுத்துட்டு இருந்தேன்."

"டெட் ஸ்டாக்னா என்னன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

வீட்டுக்காரரின் சுத்தியல் நின்றது.

"பப்பாளிய வித்துத்தான் உனக்கு இந்த ரூம்னு சொன்னேனே! அப்புறம் ஏன் வாயைத் திறக்கல?"

அவள் கையிலிருந்த ஆணியை உருட்டினாள். பயந்த மாதிரித் தெரியவில்லை. "வெள்ளி ஷூ வித்தா ரூம்னு சொன்னே. அதுக்கு முன்னாடி பச்சை ஷூ வித்தா ரூம்னு சொன்னே. பச்சையும் வித்தே, வெள்ளியிலயும் ரெண்டு ஜோடி வித்தே. ஒவ்வொரு தடவையும் அந்தக் காசுல இன்னும் பெட்டிதான்மா வந்துச்சு" என்றாள்.

வலித்தது. பன்னிரண்டு வயதுப் பெண் என்னைவிட நன்றாக என் தொழிலைப் புரிந்து வைத்திருக்கிறாள் என்பதில் ஒரு திருட்டுப் பெருமையும் வந்தது. சமையலறைக்குப் போய், கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். கொஞ்ச நேரத்தில் ஆணி அடிக்கும் சத்தம் மறுபடி கேட்டது.

மறுநாள் காலை ஹாலைக் கூட்டும்போது மேஜைக்கடியில் அந்த இரண்டு புதுப் பெட்டிகள் காலில் இடித்தன. பக்கத்து ஊரில் வரிசையில் நின்று வாங்கியவை. இரண்டையும் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, இத்தனை வருடப் பழக்கத்தில் நேரே அந்த அறைக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. தள்ளினேன். புதுத் தாழ்ப்பாள் அசைந்து கொடுக்கவில்லை. என் வீட்டில், என் அறைக் கதவை, நான் தட்டினேன்.

"யாரு?"

"நான்தான்."

"பெட்டியோடவா, பெட்டி இல்லாமயா?"

இரண்டையும் சத்தம் வராமல் தரையில் வைத்தேன்.

"இல்லாமதான்" என்றேன்.

தாழ்ப்பாள் விலகியது.